மொழி அறியாத நெறியாளர்

சென்ற மழைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகல். நோட்டன் பிரிட்ஜில், உயர்தர வகுப்பு மாணவ மாணவியர் பதினைந்து பேரையும் அவர்களுடைய தமிழாசிரியனாகிய என்னையும் ஒரே வகுப்பறைக்குள் அடைத்துவிட்டு மழை தன்பாட்டில் பெய்துகொண்டிருந்தது. வீடு செல்ல வழியில்லை. பாடம் நடத்தவோ கேட்கவோ எவருக்கும் மனமில்லை. வகுப்பறையின் வெள்ளைச் சுவரையே திரையாக்கி, 1936ஆம் ஆண்டு பம்பாயில் எடுக்கப்பெற்ற ‘அச்சூத் கன்யா’ என்னும் ஹிந்திப் படத்தை அன்று போட்டுக் காட்டினேன். ‘தீண்டப்படாத கன்னி’ என்பது அப்பெயரின் பொருள்.

எங்களுள் எவருக்கும் ஹிந்தி தெரியாது. படத்தின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏதோ கோளாறினால் கால்வாசிப் படத்தோடு அவ்வெழுத்துகள் நின்றுபோயின. படத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அப்பழைய படத்தை, விளங்காத மொழியில், முடியும்வரை அசையாமல் பார்த்தார்கள். முடிந்தபின் நான் ஒரு செய்தியைச் சொன்னேன்: “இந்தப் படத்தை நெறிப்படுத்தியவர் ஒரு ஜேர்மானியர். அவருக்கும் உங்களைப்போலவே ஹிந்தி தெரியாது.”

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “அப்பிடின்னா அவரு எப்பிடி சேர் படம் எடுத்தாரு?”

அக்கேள்விக்கு அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. விடுபட்ட மிகுதியை இங்கே எழுதுகிறேன்.

அந்த ஜேர்மானியரின் பெயர் ஃபிரான்ஸ் ஒஸ்டன். ஃபிரான்ஸ் ஒஸ்டர்மயர் என்பது அவருடைய இயற்பெயர். 1876ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மியூனிக் நகரில் பிறந்தார். தகப்பனாருக்குப் புகைப்படக் கூடமொன்று இருந்தது. ஆகவே வெளிச்சமும் நிழலும் அவருக்குப் பிள்ளைப் பருவத்து விளையாட்டுப் பொருள்கள் ஆயின. 1907இல் தம்பி பீட்டரோடு சேர்ந்து ஊர்ஊராகச் சென்று படம் காட்டும் தொழிலைத் தொடங்கினார். 1911இல் முதற்படத்தை நெறிப்படுத்தினார். முதலாம் உலகப் போர் முடிந்தபின், பீட்டர் வளர்த்தெடுத்த ‘எமெல்கா’ என்னும் மியூனிக் படக்கம்பெனியில், பவேரிய மலைநாட்டுக் குடியானவர்களைப் பற்றிய கதைகளைப் படமாக்கி வந்தார். வேட்டைக்காரர், காட்டுக்காவலர், பண்ணையார், காதல், பழிவாங்கல் என்று போகும் கதைகள் அவை. ஜேர்மன் சினிமாவின் பெருமையைப் பேசுவோர் முர்னோவையும் ஃபிரிட்ஸ் லாங்கையும் பேசுவார்களேயன்றி, ஒஸ்டனைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதில் தவறுமில்லை. நாற்பத்தெட்டு வயதுவரை அவர் தொழில் தெரிந்த ஒரு நடுத்தர நெறியாளர், அவ்வளவுதான்.

அவ்வயதில் அவருடைய வாழ்வு திசை திரும்பியது. 1924ஆம் ஆண்டில் ஹிமான்ஷு ராய் என்னும் வங்காள இளைஞர் மியூனிக்குக்கு வந்து எமெல்காவின் கதவைத் தட்டினார். சாந்திநிகேதனில் பயின்று, சட்டப் படிப்புக்காக இலண்டன் சென்று, சட்டத்தை விட்டு நாடகத்தைப் பற்றிக்கொண்டவர் அவர். விபின் சந்திர பாலரின் மகனாகிய நிரஞ்சன் பால் எழுதிய கதைகள் அவர் கைவசம் இருந்தன. புத்தர்பிரானின் வரலாற்றைப் படமாக்குவோம். நெறியாளர், ஒளிப்பதிவாளர், கருவிகள் ஆகியன ஜேர்மனியிலிருந்து வரட்டும். கதை, நடிகர், காட்சியிடம், முதல் ஆகியவற்றை இந்தியா தரும் என்றார் ராய். ஒப்பந்தம் ஆயிற்று. 1925ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒஸ்டன் ஒரு சிறு குழுவோடு பம்பாயில் வந்திறங்கினார். அக்குழுவில் ஜோசஃப் விர்ஷிங் என்னும் இளம் ஒளிப்பதிவாளரும் இருந்தார். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

எட்வின் ஆர்னால்டின் காவியத்தைத் தழுவிய அப்படத்திற்குக் காவியத்தின் பெயரே சூட்டப்பட்டது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் பிற்காலத்தில் ‘ஆசிய ஜோதி’ என்று தமிழில் பாடித் தந்தாரே, அதே காவியந்தான். ராயே கௌதமராக நடித்தார். ஜெய்ப்பூர் மகாராசா யானைகளையும் குதிரைகளையும் பரிவாரங்களையும் தந்துதவினார். கூடத்துக்குள் கட்டிய செட்டு இல்லை, செயற்கை விளக்கு இல்லை, முகப்பூச்சு இல்லை என்பதே படத்தின் விளம்பரமாயிற்று. 1925 அக்டோபரில் மியூனிக்கில் முதற்காட்சி நடைபெற்றது. இலண்டனில் படம் பல மாதங்கள் ஓடியது. 1926இல் வின்ட்சர் கோட்டையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் அதைப் பார்த்தார்.

ஐரோப்பா கொண்டாடிய அப்படத்தை நம் இலங்கையில் காட்ட இயலவில்லை. ததாகதரை ஒரு மனித நடிகன் நடித்துக் காட்டுவது பௌத்தர்களின் மனத்தைப் புண்படுத்தும் என்பதால் இங்கும் மலாய் நாடுகளிலும் படம் தடை செய்யப்பட்டது. சிவனையும் முருகனையும் கூத்திலே ஆடவைத்துப் பழகிய நமக்கு இத்தடை விளங்காமற் போகலாம். ஆயினும், வழிபடுபவனுக்குள்ள கூச்சம் கலைஞனின் உரிமைக்கு முன்னே அற்பமானது என்று நான் கூறமாட்டேன்.

தொடர்ந்து 1928இல் தாஜ்மகாலின் தோற்றத்தைக் கற்பனையாய்ச் சொல்லும் ‘ஷிராஸ்’, 1929இல் மகாபாரதச் சூதாட்டத்தை நினைவூட்டும் ‘பிரபஞ்ச பாஷ்’ என இருபடங்கள் வெளிவந்தன. பின்னதில் பத்தாயிரம் துணைநடிகரும் ஆயிரம் குதிரைகளும் ஐம்பது யானைகளும் பங்குகொண்டதாகக் கூறுவர். மூன்றும் மௌனப் படங்கள். இதனை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பேச்சில்லாத படத்தை நெறிப்படுத்துவோனுக்கு நடிகனின் மொழி தெரியாதிருப்பது ஒரு குறையே அன்று. கை காட்டி, கண் காட்டி, வேண்டுமானால் தானே நடித்துக் காட்டி வேலை வாங்கிவிடலாம்.

படம் பேசத் தொடங்கியதும் நிலைமை வேறாயிற்று. 1934ஆம் ஆண்டில் ஹிமான்ஷு ராயும் அவர் மனைவியார் தேவிகா ராணியும் பம்பாயை அடுத்த மலாடில் ‘பாம்பே டாக்கீஸ்’ என்னும் கூட்டுப்பங்குக் கம்பெனியை நிறுவினர். ஒஸ்டனும் விர்ஷிங்கும் மற்றும் சில ஜேர்மானியத் தொழில்நுட்பவியலாரும் அங்கே வந்து சேர்ந்தனர். பட்டதாரி இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து மாதச் சம்பளம் கொடுத்துத் தொழில் பழக்கிய இடம் அது. அங்கிருந்த உணவுச்சாலையில் எச்சாதியாரும் ஒன்றாயிருந்து உண்டார்கள் என்றும், பெரிய நடிகர்களும் சிலவேளை தரையைக் கூட்டித் துடைப்பதுண்டு என்றும் கூறப்படுகிறது. 1935க்கும் 1939க்கும் இடையில் ஒஸ்டன் அங்கே நெறிப்படுத்திய படங்கள் பதினைந்துக்குக் குறையா. ஒன்றுகூட அவர் அறிந்த மொழியில் இல்லை.

என் மாணவனின் கேள்வி இந்த ஐந்தாண்டுகளையே சாரும். எப்படி எடுத்தார்?

எழுதப்பட்ட உரையாடலின் பொருள் இன்னதென்று அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்படும். காட்சியை அவர் வகுப்பார். கருவி எங்கே நிற்பது, நடிகை எந்தச் சொல்லில் தலை நிமிர்வது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுவது என்பனவெல்லாம் அவருடைய பொறுப்பு. அதனை நடிகருக்கு எடுத்துரைப்பவர் ஓர் இந்தியத் துணைவர். காட்சி முடிந்தவுடன், கண்ணுக்குப் பட்ட குறையை ஒஸ்டன் சொல்வார். ஒரு சொல் பிறழ்ந்ததா, ஓர் உச்சரிப்பு வழுவியதா, கோபத்துக்குரிய வாக்கியம் கெஞ்சலாய் ஒலித்ததா என்பதைச் சொல்லவேண்டியவர் அத்துணைவரே. அக்காலத்தில் நடிகர்கள் பாட்டையும் தாமே பாடினர். ‘அச்சூத் கன்யா’வில் அசோக் குமாரும் தேவிகா ராணியும் மரக்கிளையில் அமர்ந்து பாடும் புகழ்பெற்ற பாட்டும் அவர்கள் சொந்தக் குரலே. ஆகவே ஒரு படத்தின் செவியை முழுவதுமாக இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்ட நெறியாளர் ஒஸ்டன் என்று கூறலாம்.

உதவி நெறியாளர் என்னும் பதவியைப் பற்றி நம்மில் பலர் கொண்டுள்ள எண்ணம் மிக எளியது. குடை பிடிப்பவர், நடிகரை வண்டியேற்றி அழைத்து வருபவர், பலகையைத் தட்டுபவர் என்று நினைக்கிறோம். மலாடில் அவ்வேலை அத்துடன் நின்றுவிடவில்லை. தோட்டத்திலே துரை ஆங்கிலத்தில் ஒன்று சொல்ல, கங்காணி அதைத் தமிழாக்கிக் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் சொல்லிய காலத்தை நம் பெரியோர் அறிவர். துரையின் சொல் கங்காணியின் வாயில் என்ன உருவம் எடுத்தது என்பது துரைக்குத் தெரியாது. மொழிபெயர்க்கும்போது சேர்ந்ததும் குறைந்ததும் எவ்வளவோ! ஒஸ்டனின் படங்களிலும் இவ்வாறு சேர்ந்தவை இருக்கும். முகப்பு எழுத்துகளில் நெறியாளர் என்று காணப்படுவது ஒரு பெயர்தான். அப்பெயருக்குப் பின்னால் எத்தனை நாவுகள் இருந்தன என்பதை எழுத்து காட்டாது.

கண்ணால் மட்டுமே எடை போடுபவனுக்குத் தவறும் நேரும். கதாநாயகனாக இருந்த நஜ்முல் ஹஸன் விலகிப்போனபோது, படச்சுருள் கழுவும் கூடத்தில் உதவியாளராய் இருந்த குமுத்லால் கங்குலி என்னும் இளைஞரை ஹிமான்ஷு ராய் அந்த இடத்தில் நிறுத்தினார். அந்த இளைஞரின் தாடையமைப்பு கதாநாயகனுக்குப் பொருந்தாது என்று ஒஸ்டன் முகம் சுளித்தாராம். அவ்விளைஞரே அசோக் குமார் என்னும் பெயரில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஹிந்தித் திரையில் நிலைத்து நின்றார்.

இனி ‘அச்சூத் கன்யா’வின் கதை. மோகன் என்னும் பிராமணரைப் பாம்பு தீண்டுகிறது. புகையிரதக் கடவைக் காவலனாகிய துக்கியா, தீண்டத்தகாதவன் என்று ஊர் ஒதுக்கிய அந்த மனிதன், நஞ்சைத் தன் வாயால் உறிஞ்சி அவரைக் காப்பாற்றுகிறான். இருவரும் உயிர்த் தோழர் ஆகின்றனர். மோகனின் மகன் பிரதாப்பும் துக்கியாவின் மகள் கஸ்தூரியும் ஒன்றாய் வளர்ந்து ஒருவர்மேல் ஒருவர் அன்பு கொள்கின்றனர். நோயுற்ற துக்கியாவை மோகன் தம் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டபோது ஊர் திரண்டு வந்து வீட்டுக்குத் தீ வைக்கிறது. வைத்தியரை அழைத்து வருவதற்காகப் புகையிரதத்தை மறித்த துக்கியா வேலையை இழக்கிறான். பிரதாப்புக்கு அவன் சாதியில் ஒருத்தியையும் கஸ்தூரிக்கு அவள் சாதியில் ஒருவனையும் மணமுடித்து வைக்கின்றனர். முடிவில், கஸ்தூரியின் கணவனும் பிரதாப்பும் கடவையின்மீது ஒருவரையொருவர் மறந்து சண்டையிட்டுக் கொண்டிருக்க, வண்டி வருகிறது. அவர்களைக் காப்பாற்றத் தண்டவாளத்தின் வழியே வண்டியை நோக்கிக் கை வீசிக்கொண்டு ஓடி, கஸ்தூரி உயிர் துறக்கிறாள்.

கதை நிரஞ்சன் பாலுடையது. உரையாடல் ஜே. எஸ். காஷ்யப் எழுதியது. இசை சரஸ்வதி தேவி. ஒஸ்டனுடைய பங்கு யாது? என் மாணவிகளுள் ஒருத்தி, தன்னையறியாமலே, அதைச் சரியாகச் சுட்டினாள். “அவ பேசுறப்ப ஒண்ணும் வெளங்கல சேர். பேசாம நிக்கிறப்ப எல்லாம் வெளங்குது.” உண்மைதான். பேச்சு நிற்கும் இடங்களில் படம் உயிர் பெறுகிறது. கடவைப் படலையைக் கஸ்தூரி மூடுவதும் திறப்பதும், வண்டி போனபின் வெறுமையாய்க் கிடக்கும் தண்டவாளமும், கிணற்றடியும், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நின்றும் தொடாமல் நிற்கும் இரு உருவங்களும் மௌனப் படக் காலத்தின் சொத்து. அந்தச் சொத்தைப் பேசும் படத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தவர் ஒஸ்டன். குறையும் உண்டு. தேவிகா ராணியின் நெறிக்கப்பட்ட புருவமும் மடிப்புக் கலையாத சேலையும் ஏழைக் காவலனின் மகளுக்கு உரியனவல்ல. வீட்டைக் கொளுத்தும் கூட்டம் நாடக மேடைக் கூட்டம்போலவே ஓடிவருகிறது. அதற்கு மேலாக, ஒதுக்கப்பட்ட பெண் இறந்துதான் கதை முடியவேண்டும் என்னும் வழக்கம் அன்றைய கதாசிரியருக்கு மிகவும் வசதியாயிருந்தது. மற்றவர் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம் அல்லவா?

புகையிரதக் கடவை எங்கள் பிள்ளைகளுக்குப் புதியதன்று. அட்டன் பாதையில் மூடிய படலைக்கு முன் பஸ்ஸில் காத்திருந்து பழகியவர்கள் அவர்கள். கதையின் மற்றப் பாதியும் புதியதன்று. ஒரே லயத்தில், ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பங்கிட்டு வாழ்ந்தும், கல்யாணப் பேச்சென்று வந்தால் மட்டும் சாதியை எங்கிருந்தோ தேடியெடுத்து வரும் வீடுகள் மலைநாட்டில் இன்னும் இல்லையென்று சொல்வார் யார்? படம் முடிந்து விளக்கைப் போட்டபோது இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள். காரணத்தை நான் கேட்கவில்லை.

அன்று அவர்களிடம் நான் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றுண்டு. தீண்டாமையைக் கண்டிக்கும் இப்படம் வெளிவந்த அதே 1936ஆம் ஆண்டிலேயே ஃபிரான்ஸ் ஒஸ்டன் ஹிட்லரின் நாஸிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். யூதரைத் தீண்டத்தகாதவராக்கி, முந்திய ஆண்டிலேயே அதற்குச் சட்டமும் இயற்றிய கட்சி அது. மலாடில் எல்லாச் சாதியாரோடும் பணிபுரிந்து, வங்காளத்து முதலாளியிடம் சம்பளம் பெற்று, கஸ்தூரியின் துயரத்துக்கு வெளிச்சம் அமைத்த அதே மனிதர் அக்கட்சியில் தம் பெயரைப் பதிந்துகொண்டார். கொள்கைப் பற்றா, ஜேர்மனியில் மீண்டும் தொழில் செய்யவேண்டியிருக்கும் என்ற முன்யோசனையா என்று அவருக்காக வாதாடுவோர் வாதாடலாம். எனக்கு அவ்வாதத்தில் நாட்டமில்லை. அவருடைய தொழிலில் இருந்த மற்றவர்களுக்கு வேறு வழியும் இருந்தது என்பதை எங்கள் ஆற்றோரமே நினைவூட்டுகிறது. நோட்டன் அணையைத் தாண்டி இறங்கும் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிறது. அங்கே கித்துல்கலையில் 1957ஆம் ஆண்டில் ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படத்துக்காக மரப்பாலம் ஒன்றைக் கட்டித் தகர்த்தார்கள் அல்லவா? அப்படத்தின் தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல், பெர்லினில் படத்தொழில் செய்துகொண்டிருந்த யூதர். 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு ஓடியவர்.

அப்படியானால் ‘அச்சூத் கன்யா’வைத் தூக்கி எறிந்துவிடுவதா? நான் இரண்டு நாள் யோசித்தேன். ஓவியத்தையோ கவிதையையோபோலப் படம் ஒருவர் கைப்பட்ட பொருளன்று. கஸ்தூரிக்காகப் பேசும் சொற்கள் அந்த ஜேர்மானியருக்கு விளங்காத சொற்கள், அவை காஷ்யப்பினுடையவை. அநீதியைக் கண்டு கொதித்த மனம் நிரஞ்சன் பாலுடையது. ஒஸ்டன் தந்தது பார்வை. அப்பார்வை திரையில் மிகக் கனிவாகவே இருக்கிறது. அதுவே என்னைத் தொல்லைப்படுத்துகிறது. கல் நெஞ்சன் ஒருவன் கருவியைத் திருகி எடுத்த படமென்றால் எளிதில் ஒதுக்கியிருப்பேன். இவ்வளவு கனிவோடு ஒருத்தியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு, தம் சொந்த நாட்டிலே தெருவில் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் கண்ணில் படவில்லை. அடுத்த முறை மாணவர்களுக்கு இப்படத்தைக் காட்டும்போது இச்செய்தியையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. பிரித்தானிய ஆட்சியினர் பாம்பே டாக்கீஸின் ஜேர்மானியர்களைக் கைது செய்தனர். அறுபதைக் கடந்த ஒஸ்டனை வயது கருதி விடுவித்து நாட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இந்தியாவுக்குத் திரும்பவில்லை. நெறியாள்கைத் தொழிலும் அத்துடன் முடிந்தது. பவேரியப் படக்கம்பெனியில் அலுவலக வேலை, போருக்குப்பின் நீராடல் விடுதியொன்றின் நிருவாகம் என்று காலம் தள்ளி, 1956 டிசம்பரில் மியூனிக்கில் காலமானார். ஹிமான்ஷு ராய் 1940லேயே மறைந்துவிட்டார். விர்ஷிங் பல தடுப்பு முகாம்களில் ஆண்டுக்கணக்காய் அடைபட்டிருந்து, விடுதலையானபின் ஜேர்மனிக்குச் செல்லாது பம்பாயிலேயே தங்கினார். 1949இல் வந்த ‘மஹல்’ படத்தின் நிழலும் நிலவும் அவர் கைவண்ணம். ‘பாக்கீஸா’வுக்கு ஒளிப்பதிவு செய்துகொண்டிருக்கையில் 1967இல் பம்பாயிலேயே உயிர் நீத்தார். அப்படம் 1972இல்தான் வெளிவந்தது. மலாடிலே ஜேர்மானியர் விட்டுச்சென்ற இடங்களில் இந்தியர் அமர்ந்தனர். 1943இல் ஞான் முகர்ஜி அங்கே நெறிப்படுத்திய ‘கிஸ்மத்’, கல்கத்தாவில் ஒரே கொட்டகையில் மூன்றாண்டுக்கு மேல் ஓடியது. நெறியாளருக்கும் நடிகருக்கும் இடையே அங்கே இப்போது மொழிபெயர்ப்பவர் தேவைப்படவில்லை.

தமிழிலும் இத்தகைய ஒருவர் இருந்ததை அறியாதவர் இரார். எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் தமிழ் எழுத்தொன்றும் அறியாமலே தமிழ்ப் படங்களை நெறிப்படுத்தினார். அவருடைய முதற் படமாகிய ‘சதி லீலாவதி’ வெளிவந்ததும் 1936ஆம் ஆண்டே. எஸ். எஸ். வாசனின் கதை. குடியினால் கெட்டு, கொலை செய்துவிட்டதாகத் தன்னைத் தானே எண்ணிக்கொண்ட கதாநாயகன் இலங்கைக்கு ஓடிவந்து, தேயிலைத் தோட்டமொன்றில் கூலியாளாய் வேலை செய்கிறான். நம் மலைநாட்டுத் தொழிலாளரின் வாழ்வு தமிழ்த் திரைக்கு வந்தது அப்படத்திலேதான். எங்களுக்கு அயலூரான நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த ம. கோ. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அதிலேதான்.

இதையும் அன்று மழை ஓயும்வரை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் கண்கள் விரிந்தன. தோட்டம், கொழுந்து, லயம், நம் ஊர், நம் தமிழ்! முதலிற் கேள்வி கேட்ட அதே மாணவன், “அடுத்த சனிக்கெழமை அதப் போடுங்க சேர்” என்றான். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

‘சதி லீலாவதி’யின் பிரதி ஒன்றேனும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வதென்று சிறிது தயங்கினேன். அதற்குள் மழை விட்டு, மஸ்கெலியா பஸ்ஸின் சத்தம் கேட்டது. புத்தகப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.